ஒரு கண் மூடி அளந்தாய்

அந்த வாரம் அந்தப் பாட்டைக் கேட்காமல் யாரும் பல் கூட விளக்கியிருக்க முடியாது. பேருந்தில் அது. முடிவெட்டும் கடையில் அது. எதிர்வீட்டுக் குழந்தை அழுதால் தாலாட்டும் அதுதான்.

*ஒரு கண் மூடி அளந்தாய் – என்*
*உயிரைக் கோட்டில் நிறுத்தினாய்*
*வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு*
*வீடே உனது என்கிறாய்*
*சொட்டுச் சொட்டாய்க் கொல்கிறாய்*
*செத்து விடாதே என்கிறாய்*

முதல் வரிக்குச் சரியாகப் படத்தின் கதாநாயகி ஒரு கண் அடிப்பாள். ஊரே கிறுகிறுத்துப் போயிருந்தது. காதலி என்றால் விஷம், காதல் என்றால் போதை என்று எழுதி எழுதியே பெயர் வாங்கியவர் அந்தப் பாடலாசிரியர். பாட்டு வெளிவந்தபோது அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

"நாற்பத்தோரு நாளாச்சு மேடம்" என்றார் அவருடைய அக்கா. மருந்துக்கடை வைத்திருக்கிறவர், ஐம்பதை நெருங்கும் வயது. அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. "போலீஸ்ல போய்ச் சொன்னேன். முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, தானா வந்துடுவார்னு அனுப்பிட்டாங்க. இந்தப் பாட்டைக் கேட்டப்புறம்தான் குட்டி உயிரோட இருக்கான்னே தெரியும்."

குட்டி என்பது அந்த முப்பத்தெட்டு வயதுத் தம்பி.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவரை எல்லோரும் வக்கீலம்மா என்பார்கள். கோர்ட்டை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து ஏழு வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தவன் உதவியாளன். அவன் வாயை மூட எந்த சுவிட்சை அணைக்க வேண்டும் என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்காததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"குடிப்பழக்கம் உண்டா?" என்றார் வக்கீலம்மா.

"இருந்துச்சு. பதினஞ்சு வருஷமா. நான்தான் கட்டுப்பாட்டுல வெச்சிருந்தேன். வெளிய போனா அவனுக்கு அளவு தெரியாது மேடம். ஈரல் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். இனிமே கண்ட மாதிரி குடிச்சா ஆள் மிஞ்ச மாட்டான்."

"காதல் விவகாரம்?"

"ஒரு பொண்ணு இருந்தா, ரெண்டு வருஷம் முன்னால. அவ சரியில்ல. நான்தான் பேசி அனுப்பிட்டேன்."

ரேடியோ மறுபடி இருமினான். அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்தார். கூடவே கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதில் அச்சடித்த கோடுகள் பாதி அழிந்து, பேனாவால் போட்ட ஒரே ஒரு கோடு மட்டும் மேலே தெளிவாக இருந்தது. கோப்பையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, அடியில் கொஞ்சம் ஊற்றி ரேடியோவிடம் நீட்டினார்.

"சுடுதண்ணி மேல குடிப்பா. மூணு நாள்ல சரியாயிடும்."

"எங்கம்மாகூட இப்படி ஊட்டினதில்லக்கா" என்று ரேடியோ ஒரே வாயில் விழுங்கினான். "இந்தாளுக்கு என்ன குறைச்சல்னு ஓடினார்?"

வக்கீலம்மா அதைக் காதில் வாங்காதவர் போல வழக்குக் காகிதத்தை எழுதி முடித்தார். இவர்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு படி முன்னேறியதும் கட்சிக்காரருக்குத் தகவல் போக வேண்டும். ஆளைக் கண்ணால் கண்டுவிட்டால் அந்த நிமிடமே முகவரி போய்விட வேண்டும். ஒருமுறை கண்டுபிடித்த மாப்பிள்ளை, இவர்கள் விவரம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் சுவரேறிக் குதித்து ஓடியதிலிருந்து வந்த விதி. அனுப்புகிற வேலை ரேடியோவுடையது. அதில் மட்டும் அவன் ஒரு நாளும் தவறியதில்லை.

*

இசையமைப்பாளர் தன் ஒலிப்பதிவு அறையில் காதில் ஹெட்போனோடுதான் அவர்களை வரவேற்றார்.

"எனக்கும் தெரியாதுங்க. போன் அணைச்சு வெச்சிருக்கார். ஒரு நாள் காலைல நான் வந்து பாக்கறேன், வாட்ச்மேன் ஒரு காகிதத்தை நீட்டறார். பாட்டு! மெட்டு கொடுத்து ரெண்டு மாசமா இழுத்தடிச்ச மனுஷன், முகத்தைக்கூடக் காட்டாம வாசல்ல கொடுத்துட்டுப் போயிட்டார். நாலே நாள்ல பதிவு முடிச்சேன்."

"அந்தக் காகிதம் இருக்கா?"

இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அழகான கையெழுத்து. ஊரே பாடுகிற அந்த ஆறு வரி. வக்கீலம்மா ஒருமுறை படித்தார்.

"அந்தப் பொண்ணை இன்னும் மறக்கல போல" என்றார்.

"அதான் மேடம் இவரோட சரக்கே" என்றார் இசையமைப்பாளர். "காதலிச்சுக் கெட்டான், கெட்டதால குடிச்சான், குடிச்சதால காதலிச்சான். இதையே பன்னெண்டு வருஷமா எழுதறார். ஜனங்களுக்கு அலுக்கவே மாட்டேங்குது."

ரேடியோ தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் பென்சிலில் வேறு என்னவோ இருந்தது.

*தலையணை உறைகள் காயுது*
*தண்ணித் தொட்டி ஒழுகுது*
*ஏழு மணிச் சங்கு ஊதுது*
*எழுதாத பலகை தூங்குது*

"இது அடுத்த படத்துப் பாட்டா சார்? பிளம்பரைப் பத்தின படமா?"

இசையமைப்பாளர் சிரித்தார். "அது டம்மி. நாங்க மெட்டைத் தன்னன்னான்னு பாடிக் கொடுப்போம் இல்லையா? அது மனசுல உக்கார்ற வரைக்கும் அவர் கண்ணுல படறது, காதுல விழறது எல்லாத்தையும் மெட்டுல போட்டு நிரப்பிப் பாடிட்டே இருப்பார். அர்த்தம் கிடையாது. அப்புறம்தான் உண்மையான வரி வரும். இங்க உக்காந்து எழுதினா என் தொப்பையைக்கூடப் போட்டுடுவார்."

வக்கீலம்மா எழுந்து நின்றார்.

"ரேடியோ, முன்பக்கத்தை ஊருக்கு விட்டுடு. நமக்குப் பின்பக்கம் போதும்."

"புரியல மேடம்."

"மனுஷன் எங்க உக்காந்திருக்கார்னு அவரே எழுதிக் கொடுத்திருக்கார். தலையணை உறை எந்த வீட்ல நாலுக்கு மேல காயும்? உறைகள்னு எழுதற அளவுக்குக் காய்ஞ்சா அது சலவைக்கூடம். ஆஸ்பத்திரி, லாட்ஜுக்கெல்லாம் வெளுக்கிற இடம்."

"ஏழு மணிச் சங்கு?"

"இந்த ஊர்ல இன்னும் சங்கு ஊதறது ஒரே ஒரு நூல் மில்."

"அப்ப மில்லுக்குப் பக்கத்துல இருக்கிற சலவைக்கூடம். மேடம், கால்ல விழறேன், அந்த எழுதாத பலகையை நான் கண்டுபிடிக்கறேன். எனக்கும் ஒண்ணு விட்டு வைங்க."

*

ரேடியோ தொலைபேசியில் மூன்று சலவைக்கூடங்களிடம் திட்டு வாங்கினான். "உங்க மாடில தலையணை உறை காயுதா?" என்று ஒரு ஆண்குரல் கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள். நான்காவது இடம் மில்லின் பின்பக்கச் சந்தில் இருந்தது. மூன்று மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வண்டியை விட்டு இறங்கும்போதே ரேடியோ அக்காவுக்குச் செய்தி தட்டினான்: மில் சந்து, சலவைக்கூடம், நெருங்கிவிட்டோம்.

மொட்டை மாடியில் வரிசை வரிசையாக வெள்ளை உறைகள். ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி சொட்டிக்கொண்டிருந்தது. சலவைக்காரர் அதைப் பார்த்து வெட்கப்பட்டார்.

"ரிப்பேர் பண்ணணும்னு ஆறு மாசமா சொல்லிட்டிருக்காங்க."

"பண்ணிடாதீங்கண்ணே, அது சாட்சி" என்றான் ரேடியோ.

உறைகளை விலக்கிக்கொண்டு மறுபக்கம் போனார்கள். கீழே விளம்பரப் பலகை எழுதுகிறவரின் பட்டறை. முற்றத்தில் வெள்ளையடித்த வெற்றுப் பலகைகள் படுத்துக் கிடந்தன. பட்டறைக்கு மேலே ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ஜன்னல். அங்கே ஒல்லியான ஒரு ஆள் சட்டையெல்லாம் பெயின்டோடு குனிந்து நின்றிருந்தார். இடது புருவத்தில் தழும்பு. அக்கா கொடுத்திருந்த புகைப்படத்தில் இருந்த அதே தழும்பு.

"கண்டேன் மேடம்" என்று கிசுகிசுத்தான் ரேடியோ. அவன் கட்டைவிரல் ஏற்கெனவே போனில் ஓடிக்கொண்டிருந்தது.

*

பாடலாசிரியர் அவர்களைப் பார்த்து ஓடவில்லை, ஒளியவில்லை. வக்கீலம்மா தாங்கள் இன்னார் என்று சொன்னதும் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேஜைமேல் பாதி எழுதிய பலகை: இங்கே வண்டிகளை நிறுத்...

"மிச்ச எழுத்தையும் எழுதிடறேனே, பெயின்ட் காய்ஞ்சுடும்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. "பாருங்க, கை ஆடல. இருபத்திரண்டு வயசுக்கப்புறம் இப்பதான் என் கை ஆடாம பாக்கறேன். ஒரு கோடு இழுத்தா நேரா வருது. அதுக்காகவே இந்த வேலைக்கு வந்தேன்."

"குடிக்கறதில்லையா?"

"நாற்பத்தோரு நாளா ஒரு சொட்டுகூட இல்ல. முதல் ஆறு நாள் ஆஸ்பத்திரில படுத்திருந்தேன், வேற பேர் கொடுத்து. வலிப்பு வராம மருந்து கொடுத்துப் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் இந்த அண்ணன் இடம் கொடுத்தார்."

வக்கீலம்மா மகிழ்ந்துபோனார். தொழிலில் இப்படி நல்ல செய்தி கொண்டுபோகிற நாள் வருஷத்துக்கு ஒன்றுகூட வராது. "இதைக் கேட்டா உங்க அக்கா எவ்ளோ சந்தோஷப்படுவாங்க!" என்றார்.

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு பலகையை உயர்த்திப் பிடித்து, எழுத்து கோட்டில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

இந்த முகத்தை வக்கீலம்மா இன்றைக்கே ஒருமுறை பார்த்திருந்தார். காலையில் அலுவலகத்தில் இதே புருவம், இதே சுருக்கம். கண்ணுக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அப்போதும் ஒரு கண் மூடியிருந்தது. பேனாவால் போட்ட கோடு. கட்டுப்பாட்டில் வைத்திருந்தேன் என்ற குரல்.

"கதாநாயகி கண்ணடிச்சது தப்பு" என்றார் மெதுவாக. "அது கண்ணடிக்கறது இல்ல. அளக்கறது. அந்தப் பாட்டுல எந்தப் பொண்ணும் இல்ல, இல்லையா?"

"பன்னெண்டு வருஷமா எந்தப் பாட்டுலயும் இல்ல மேடம்" என்றார் அவர். "அந்த ஒரு பொண்ணைத்தான் அக்கா அனுப்பிட்டாளே. நான் பாட்டு பாட்டா கத்தினேன். தாழ்ப்பாள்னேன், விஷம்னேன், சொட்டுச் சொட்டாக் கொல்றியேன்னேன். காதல் பாட்டுன்னு கைதட்டினாங்க."

ரேடியோவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "அக்காவா? குடிக்கக் கூடாதுன்னு தவிக்கிறாங்களே அவங்க?"

"அளவு தாண்டக் கூடாதுன்னு தவிக்கிறா" என்றார் அவர். "ஒருமுறை நானே ஒரேயடியா நிறுத்தினேன். வலிப்பு வந்துடுச்சு. அவ மடியிலதான் விழுந்தேன். அதுலேருந்து காலைல ஒரு கோப்பை பிராந்தி, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ரெண்டு. அவளே வாங்கிட்டு வருவா, அவளே ஊத்துவா. கடைக்குப் போறப்போ வெளிய பூட்டிட்டுப் போவா. ஒரு நாள்கூட அடிச்சதில்ல, திட்டினதில்ல. எனக்கு ஜுரம்னா அவ சாப்பிட மாட்டா. இப்படிப்பட்டவகிட்டேருந்து எப்படி மேடம் ஓடறது? பன்னெண்டு வருஷம் ஆச்சு எனக்கு."

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?"

"இன்னும் கொஞ்ச நாள் குடிச்சா அவ்ளோதான்னாங்க. இப்ப விட்டா பொழைச்சுக்கலாம்னாங்க. எனக்கு அவமேல கோபமில்ல. அவ இங்க வராம இருந்தா போதும். வந்தா நான் அவகூடப் போயிடுவேன். அவ கையைப் பிடிச்சு இழுக்கக்கூட வேண்டாம், அந்தக் கோப்பையை எடுத்து வெச்சா போதும். அது எனக்கே தெரியும்."

வக்கீலம்மா திரும்பினார்.

"ரேடியோ. முகவரி அனுப்பிட்டியா?"

வாழ்க்கையில் முதல் முறையாக ரேடியோ அணைந்து போயிருந்தான். போனை நீட்டினான். செய்தி போன நேரம், படித்த நேரம், பதில் எல்லாம் இருந்தது. *தங்கமே, நல்லா இருப்பே. மில் பக்கம்னு சொன்னதும் ஆட்டோ ஏறிட்டேன். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்.*

"பின்பக்கம் வழி இருக்கா?" என்றார் வக்கீலம்மா.

"பலகை ஏத்தற ஏணி இருக்கு."

"கிளம்புங்க. எங்க வண்டி சந்து முனையில நிக்குது. ரேடியோ, ஓடு, வண்டியைக் கொண்டா!"

ரேடியோ படிகளில் தடதடவென்று இறங்கினான். பாடலாசிரியர் இரண்டு சட்டைகளை ஒரு பையில் திணித்தார். தூரிகையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஏணி இருந்த கதவைத் திறந்து ஒரு காலைக்கூட வெளியே வைத்துவிட்டார். அப்போது கீழே ஆட்டோ நின்றது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்குகிற சத்தம்.

"இறங்குங்க!" என்றார் வக்கீலம்மா.

"மூட்டு வலி அவளுக்கு" என்றார் அவர். "படி ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

அக்கா வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"இளைச்சுட்டியே குட்டி" என்றார்.

வக்கீலம்மா குறுக்கே வந்து நின்றார். "அம்மா, அவர் நிறுத்திட்டார். நாற்பத்தோரு நாள். பொழைச்சுட்டார். விட்டுடுங்க."

"இவன் நுரை தள்ளினதை நீங்க பாத்தீங்களா மேடம்? நான் பாத்தேன். என் மடியில."

"அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. அவங்க சரி பண்ணிட்டாங்க."

"சரி பண்ணிடுவாங்க" என்று தலையாட்டினார் அக்கா. கண் நிறைந்து வழிந்தது. "அப்புறம்? சரியாயிட்டா அவன் எதுக்கு மேடம் என்கூட இருக்கப்போறான்? எனக்கு வேற யாரு இருக்கா?"

கோர்ட்டில் பதினைந்து வருஷம் வாதாடியவர் மனசுக்குள் சட்டப் பிரிவுகளைப் புரட்டினார். எந்தச் சட்டத்தைச் சொல்வது? வயது வந்த ஆள். கடத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. புகார் கொடுக்க வேண்டியவரே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

அக்கா கைப்பையைத் திறந்து அந்தக் கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார், பாதி எழுதிய பலகைக்குப் பக்கத்தில். வேறு எதுவும் செய்யவில்லை.

தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா அவருடைய கையைத்தான் பார்த்தார். முதலில் சுண்டுவிரல், பிறகு எல்லா விரலும் ஆட ஆரம்பித்தது.

"வேணாம் சார்" என்றார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். "நேரா கோடு இழுத்தீங்களே சார்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொண்டு வந்தியாக்கா?" என்றார்.

"வீட்ல இருக்குடா. வா."

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மூச்சிரைக்க மேலே வந்த ரேடியோ, படியில் இறங்குகிற இருவருக்கும் வழியை மறித்துக்கொண்டு நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது.

"இன்னும் போகலையாப்பா?" அக்கா நின்று, கைப்பையிலிருந்து அந்த மருந்து பாட்டிலை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "வெச்சுக்கோ. வேளைக்கு ஒரு மூடி, அதுக்கு மேல வேணாம். நீயும் மேடமும் இல்லேன்னா என் தம்பி எனக்குக் கிடைச்சிருக்கவே மாட்டான்."

ரேடியோ சுவரோடு ஒட்டி வழிவிட்டான். தம்பி அக்காவின் முழங்கையைப் பிடித்து, மூட்டு வலிக்காதபடி ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு போனார்.